ஆறாவது கையெழுத்து

புது தில்லி,
நவம்பர் 16, ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் ஜெனிஃபருக்கு,

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும். நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் எபினேசரும் அங்கே அயர்லாந்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நீ ஃபைன் மா என்பாய், முப்பத்து நாலு வருஷம் வார்டில் நின்றவள் நான், ஃபைன் சிஸ்டர் என்று சொல்லும் நோயாளியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன், அதனால் அந்தப் பதிலை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. வைஃபை கேபிள் மாதத்தில் பாதி நாள் அறுந்து கிடக்கிறது, வீட்டுக்குள் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பின் பால்கனி, அதற்கு நேர் கீழே ராஜலக்ஷ்மி மாமியின் பால்கனி. இந்த பிளாக்கில் தமிழ் தெரிந்தது நம் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும்தான். நான் பேசுவது யாருக்குக் கேட்கக் கூடாதோ அந்த ஒருத்திக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் புரியும். அதனால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கூட்டிப் பையப் படி. உனக்குத் தமிழ் வாசிக்கச் சிரமம் என்று மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதே, அதற்கும் ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதைத் தேடி இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவவும் வேண்டாம்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு நாள் மத்தியானம் நாலு ஆட்கள் நீளமான குழாய்களைச் சாக்கில் சுற்றி நம் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். நாம் இருப்பது மூன்றாம் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். பையா, என்ன இது என்று கேட்டேன், பானி கா காம் ஆண்ட்டி என்றான் ஒருவன். தண்ணீர்க் குழாயைச் சாக்கில் சுற்றி எவன் கொண்டுபோவான். அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்து டியூட்டி ரிப்போர்ட் போல தேதி, மணி, யார் ஏறினார்கள், கையில் என்ன இருந்தது, இறங்கும்போது என்ன இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றே நாளில் என் படுக்கைக்கு நேர் மேலே ஒரு கம்பம் எழும்பிவிட்டது, அதைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு மூடி, அதற்கு ஒரு பூட்டு. தண்ணீர்த் தொட்டிக்கு எதற்குப் பூட்டு. அப்பா டேப் எடுத்துக்கொண்டு மேலே போய் அளந்து பார்த்தார், நம் கூரையிலிருந்து ஒன்பதடி. கேட்ட பிறகுதான் செல்போன் டவர் என்று பல்லா ஜி ஒத்துக்கொண்டார். பல்லா ஜியை உனக்கு ஞாபகம் இருக்கும், குடியிருப்போர் சங்கத்து செக்ரட்டரி, நீ சின்னதில் அவர் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்தாயே அவர்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தலைவலி, தூக்கம் கிடையாது, முன்னால் இருபது புறா வந்த இடத்தில் ஆறேழுதான் வருகிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏ பிலோமி, அதுக்கு இன்னும் கரண்டே குடுக்கல்ல, கரண்டு இல்லாத டவரு ஒனக்கு எப்பிடித் தலவலி தரும், ஒனக்கென்ன பிராந்தா, இது தீவாளிப் பொக என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், வீடு பற்றி எரிந்தால்கூட முதலில் தெர்மாமீட்டரைத் தேடுவார். நீ அனுப்பிய கட்டுரையையும் படித்தேன், அளவுக்குள் இருக்கும் வரைக்கும் கெடுதல் என்று நிரூபணம் ஒன்றும் இல்லை என்று இருந்தது. எழுதியவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. சரி, கெடுதலே இல்லை என்று வைத்துக்கொள், நான் படுக்கிற கட்டிலுக்கு மேலே ஒன்றைக் கொண்டுவந்து நடுவதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா. எனக்கு வந்த கோபம் அதுதான், இப்போதும் அது போகவில்லை.

உன் அம்மா போராட்டக்காரி ஆகிவிட்டாள் என்று அப்பா போனில் கிண்டலாகச் சொன்னதை நீ நம்பவில்லை. உண்மைதான். பக்கத்து இரண்டு பிளாக்குகளும் சேர்ந்துகொண்டன, அடுத்தது தங்கள் மாடிதான் என்ற பயம் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கேட்டுக்கு வெளியே அட்டை பிடித்து நிற்போம், டவர் ஹடாவோ, கர் பச்சாவோ, டவரை எடு, வீட்டைக் காப்பாற்று என்று. அட்டை எல்லாம் அப்பா எழுதியது. அவருக்கு ஹிந்தி படிக்க வராது, பார்த்துப் பார்த்துப் பிளான் வரைகிற மாதிரி ஸ்கேல் வைத்து வரைந்தார், பிளாக்கிலேயே அழகான எழுத்து அதுதான். முதல் கூட்டத்தில் நானே எழுந்து நின்று பேசினேன், கத்ரா நஹீ, ஆபத்து இல்லை என்று அந்த டவர் கம்பெனிக்காரன் ஒரு சர்டிபிகேட்டோடு வீடு வீடாகத் திரிகிறான், என் வீட்டுக்கும் கொண்டுவந்தான், அதை நம்பாதீர்கள் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். பல்லா ஜி மட்டும் தட்டாமல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையையும் நோட்டில் எழுதிவைத்தேன், மணியோடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் படிக்கட்டில் எட்டு வீடு. ஆறு வீடு எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் மாடியை வெளியாருக்கு விடலாம் என்று சங்கத்து விதி. ஐந்து வீட்டுக்காரர்கள், ஆமாம், நாங்கள் போட்டோம், வாடகை வந்தால் தண்ணீர் மோட்டாரை மாற்றலாமே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஆறாவது வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் பூனாவில், தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்கிறார். மிச்சம் நாமும் ராஜலக்ஷ்மி மாமியும். கம்பெனிக்காரனிடம் ஆறு கையெழுத்து இருக்கிறது. நாம் போடவில்லை, அப்படியென்றால் யார். கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளைகூடச் சொல்லும். அதோடு அவள் மகன் அர்விந்த் குர்காவில் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அளக்க வந்த கம்பெனி ஆளுக்கு மாமி கூப்பிட்டுக் காப்பி கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நேராகவே போய்க் கேட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது. நான் போட்டிருந்தா போட்டேன்னு சொல்லிட்டுப் போறேன் சிஸ்டர், எனக்கென்ன பயம், இருபத்திரண்டு வருஷமா என்னைப் பாத்திண்டிருக்கேள், என்னைப் போய் இப்படிக் கேக்கறேளே என்றாள். நான் படியேறி வந்துவிட்டேன். வந்து சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. பால் வாங்குகிற இடத்தில், லிஃப்டு இல்லாத இந்தப் படிக்கட்டில், அட்டை பிடித்து நிற்கிற இடத்தில், ஆறாவது யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

மாமியின் வீட்டுக்காரர் வைத்தி மாமாவுக்கு நான்தான் இத்தனை வருஷமும் இன்சுலின் போட்டுவந்தேன் என்று உனக்குத் தெரியும். அவருக்குக் கை நடுக்கம், மாமிக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம். காலை ஏழு மணிக்கு நான் போவேன், இன்றைக்கு வலது பக்கம் என்றால் நாளைக்கு இடது பக்கம், திரும்பும்போது டபராவில் காப்பி. நான் கேட்ட மறுநாள் காலையில் போய் மணி அடித்தேன், இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துத்தான் போனேன். வேண்டாம், ஏற்பாடு பண்ணியாச்சு என்று உள்ளிருந்தே சொன்னாள். அதிலிருந்து நாலு வாரம், இந்தப் புகையில், முகத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அந்த மனுஷன் மாமியின் தோளைப் பிடித்தபடி மார்க்கெட்டில் இருக்கிற கம்பவுண்டரிடம் நடந்து போனதை நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்தேன். இதை உனக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது மக்ளே.

அந்தச் சம்மதப் பேப்பரைக் காட்டு என்று பல்லா ஜியிடம் எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணிக்கையே இல்லை. கம்பெனியில் இருக்கிறது என்பார், சாவி இல்லை என்பார், கடைசியில் ரெஹ்னே தீஜியே ஆண்ட்டி ஜி, விட்டுவிடுங்கள், கம்பத்தை எடுக்க வேறு வழி பார்க்கலாம் என்பார். வியாழக்கிழமை சங்கத்து அறையைத் திறந்ததும் போய் உட்கார்ந்துவிட்டேன், காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் டீ வரவழைத்தார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்கு டீ வரவழைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் குப்புற வைத்தார். நான் திருப்பினேன். ஆறு கையெழுத்து. ஆறாவதாக ஆங்கிலத்தில் பிலோமினா தாமஸ், பக்கத்தில் தேதி, அதற்குப் பக்கத்தில் 11.40. இந்த பிளாக்கில் கையெழுத்துக்குப் பக்கத்தில் மணி எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பல்லா ஜி, இது வேறே பேப்பர், இது ஆபத்து இல்லை என்று கம்பெனிக்காரன் கொடுத்த சர்டிபிகேட், நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சம்மதப் பேப்பர் எங்கே என்று கேட்டேன். தலைப்பில் விரலை வைத்துப் படித்தும் காட்டினேன், அனாபத்தி பிரமாண் பத்ர. அவர் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினார். பிறகு மெதுவாக, ஆண்ட்டி ஜி, ஆபத்தி மானே எதராஜ், அனாபத்தி மானே கோயி எதராஜ் நஹீ என்றார். புரிகிறதா மக்ளே. ஹிந்தியில் ஆபத்தி என்றால் எதராஜ், அதாவது ஆட்சேபணையாம். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்த தாளில் உன் அம்மா கையெழுத்துப் போட்டு மணியும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவசியம் இல்லாதது அனாவசியம், அப்படியென்றால் ஆபத்து இல்லாதது அனாபத்து, இப்படித்தான் அன்றைக்கு என் மூளை போயிற்று, ஹிந்தி எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டேன் என்று பெருமை வேறு. முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் ஆட்டோக்காரனோடும் காய்க்காரனோடும் சண்டை போடுகிறேன், ஒருத்தன் வாயிலும் ஆபத்தி என்ற சொல்லை நான் கேட்டதில்லை, எல்லாரும் எதராஜ் என்றுதான் சொல்கிறார்கள். எதராஜ் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை அவன் முகத்திலேயே வீசியிருப்பேன். பல்லா ஜி ஐந்து வாரமாக மறைத்தது அவர் திருட்டை அல்ல, என் மானத்தை. யாரிடமும் சொல்லவில்லை ஆண்ட்டி, நீங்களும் சொல்ல வேண்டாம் என்று தாளைத் திரும்ப உள்ளே வைக்கப் போனார். ஒரு நிமிஷம் வைக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஏன் போட்டேன் என்று நீ கேட்பாய். செப்டம்பர் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தாய். வேலை, மழை, புதுக் குக்கர் என்று பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, குரல் உள்ளே போய், அம்மா, எனக்கு என்றாய். அதோடு கட் ஆகிவிட்டது. பால்கனியில் நின்று கால் மணி நேரம் ஹலோ ஹலோ என்று கத்தினேன். மறுபடி கிடைத்தபோது, எனக்கு ரசப்பொடி வேணும்னு சொல்ல வந்தேம்மா என்றாய். ரசப்பொடி கேட்கிறவள் அப்படி மூச்சை இழுக்க மாட்டாள். அந்த இரண்டு நாளும் நான் நானாக இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனிக்காரன் வந்தான், கழுத்தில் அட்டை, கையில் தாள், பக்கத்தில் டவர் வருகிறது ஆண்ட்டி ஜி என்றான். பாஸ் மே என்றுதான் சொன்னான், மார்க்கெட்டில் எங்கோ என்று நான் நினைத்துக்கொண்டேன், என் தலைக்கு மேலே என்று சொல்லவில்லை, அந்த ஏமாற்று அவனுடையதுதான், அதை நான் விடப் போவதில்லை. கத்ரா ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். பில்குல் நஹீ, பிள்ளைகளுடைய போன் இனிமேல் நடுவில் கட் ஆகாது என்றான். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு எந்தத் தலைப்பு எப்படித் தெரிந்திருக்கும்.

நேற்று அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அப்பா நானும் வாறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். மாமி கம்பிக் கதவைத் திறக்காமலே கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி என்றேன். தாளைக் கம்பி வழியாக வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பிறகு, எங்கிட்ட மட்டும் சொன்னாப் போறாது, என்னைப் பத்தி எத்தனை பேர்கிட்டச் சொன்னேளோ அத்தனை பேர்கிட்டயும் சொல்லணும் என்றாள். நியாயம்தானே. இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம், எழுந்து நின்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன், ஆறாவது கையெழுத்து என்னுடையது, ராஜலக்ஷ்மி ஜி போடவே இல்லை, என் சம்மதத்தை எழுத்தில் வாபஸ் வாங்குகிறேன் என்று. ஏன் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அனாபத்தியை நான் எப்படிப் படித்தேன் என்று சொன்னதும் பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அப்போது மாமி எழுந்தாள். எங்கள் பாஷையில் ஆபத்து என்றால் கத்ரா, நான் படித்திருந்தாலும் அப்படித்தான் அர்த்தம் பண்ணியிருப்பேன் என்று நல்ல சுத்தமான ஹிந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் பார், அவள் ஹிந்திப் பரீட்சை எல்லாம் முதல் வகுப்பில் பாஸ் பண்ணினவள், அந்தச் சொல் அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. எனக்காக ஒரு பொய் சொன்னாள் என்று சந்தேகப்படுகிறேன். இந்தச் சந்தேகத்தை மட்டும் நான் யாரிடமும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளப் போவதில்லை. வெளியே வரும்போது, நாளைக்கு ஏழு மணிக்கு வாங்கோ, அந்தக் கம்பவுண்டர் ஒரே இடத்துல குத்திக் குத்தி அவருக்கு வீங்கிண்டிருக்கு என்றாள். சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைத்துவிட்டேன், மாமிக்காக முட்டை போடாமல் ஒன்று வழக்கம்போலச் செய்வேன், வாங்குகிறாளா என்று பார்க்கலாம். டவர் இன்னும் அங்கேதான் நிற்கிறது, கரண்டு கொடுக்கவில்லை, ஐந்து கையெழுத்தோடு கம்பெனிக்காரன் என்ன செய்கிறான் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

இப்போது மாப்பிள்ளை விஷயம். அன்றைக்கு நீ பாதியில் விட்டதிலிருந்து இன்றுவரை எபினேசர்மேல் எனக்குச் சந்தேகம். ரசப்பொடி என்று நீ மாற்றிச் சொன்னபோது அவர் பக்கத்தில் நின்றிருப்பார், அதனால்தான் மாற்றினாய் என்று நானே முடிவு கட்டி, அவர் போனில் அத்தே என்று கூப்பிட்டால்கூட இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கும் என்னிடம் ஒரு கூட்டல் கழித்தல் இருந்தது. மாமி விஷயத்தில் என் கணக்கு எப்படி முடிந்தது என்று இப்போது உனக்குத் தெரியும். அதனால் அவரிடமிருந்து இந்தக் கடிதத்தை மறைக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், அடிக்கவில்லை, அது உன் இஷ்டம். நீயே சொல்லும் வரைக்கும் நான் எதையும் கூட்ட மாட்டேன், கழிக்க மாட்டேன்.

ரசப்பொடி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மிளகு வாங்கி வீட்டிலேயே திரித்து அனுப்பியிருக்கிறேன், அதோடு அப்பாவின் பங்காகக் கருப்பட்டி. குளிரில் காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே, நைட் டியூட்டி முடிந்து வந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படு. செபமாலையை மறக்காதே. உங்கள் இருவர் தலையிலும் அம்மாவும் அப்பாவும் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், ஆண்டவர் கூடவே இருப்பார். ஒன்றே ஒன்று மக்ளே, அந்த வாக்கியத்தை முடித்து எழுது. அம்மா, எனக்கு என்பதற்குப் பிறகு என்ன. தமிழில் வராவிட்டால் இங்கிலீஷில் எழுது, காகிதம் நடுவில் கட் ஆகாது. வேலையோ, உடம்போ, வீட்டில் மனஸ்தாபமோ, சந்தோஷ சமாசாரமோ, நீ எடுத்த முடிவு எதுவோ, எதுவானாலும் எழுது. அம்மாவுக்கு ஆபத்தி இல்லை. இந்தத் தடவை அர்த்தம் தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
பிலோமினா தாமஸ்
16.11, மாலை 6.25